ராஜகளை

ஓய்வு பெற்ற மேலாளர் ஓவிய வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைய வாத்தியார் கொடுத்த பழைய படத்தின் அச்சு மங்கல்தான். ஆனால் மேலாளருக்கு அதில் ஒரு மகாராஜா பளிச்சென்று தெரிந்தார்.

"கிரீடத்தை எவன் வேணா வரைஞ்சிடுவான்," என்றார் மனைவியிடம், இன்னும் ஈரம் காயாத படத்தைப் பதமாகக் காரில் ஏற்றிக்கொண்டே. "முகத்துல அதிகாரம் வரணும். அதுக்கு முப்பது வருஷம் ஆபீஸைக் கட்டி மேய்ச்சிருக்கணும்."

"செங்கோல் கொஞ்சம் குட்டையா இருக்கேங்க."

"அந்தக் காலத்து அளவு அது. உனக்குப் புரியாது."

வகுப்பிலிருந்து ஒரே ஒரு படம்தான் கண்காட்சிக்குப் போகும். அது தன்னுடையதுதான் என்று பழைய அலுவலகம் முழுவதற்கும் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

வகுப்பில், மனைவியும் பக்கத்தில் நிற்க, வாத்தியார் படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"உடுப்பு சுமார்தான் சார். குல்லாவுல மணியெல்லாம் விட்டுட்டீங்க. கிலுகிலுப்பை வெறும் கம்பு மாதிரி இருக்கு."

"கிலுகிலுப்பையா?"

"அரசவைக் கோமாளி கையில வேற என்ன சார் இருக்கும்?"

மேலாளர் கைக்குட்டையைத் தேடினார்.

"ஆனா முகம் பாருங்க, அசல் கோமாளி. இத்தனை வருஷத்துல யாருக்கும் இது வந்ததில்ல. கண்காட்சிக்கு இதான் போகுது. அச்சுல முகமே சரியா விழலையே, எதைப் பாத்து சார் வரைஞ்சீங்க?"

பத்து நிமிடம் பேசத் தயாராக வந்தவர் கார் சாவியை எடுத்தார். மனைவிதான் பதில் சொன்னாள்.

"கண்ணாடி முன்னாடி நின்னுதாங்க வரைஞ்சாரு."