கண்ணாடி துடைக்கும் கை

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியானால், முல்லைத்தீவு வீட்டில் மரியநேசன் கைபேசியோடு உட்கார்ந்துவிடுவார். திரையில் நேரலையாக இத்தாலி எரிமலையொன்றின் வாய் புகைந்துகொண்டிருக்கும். கமராக் கண்ணாடியில் படிந்த சாம்பலை, கையுறை போட்ட ஒரு கை வந்து துடைத்துவிட்டுப் போகும். மகன் அனிஸ்ரனுக்கு அங்கே அதுதான் வேலை.

படகு இஞ்சினில் சின்னவிரலைப் பறிகொடுத்த அன்றே அனிஸ்ரன் கடற்றொழிலை விட்டான். அன்றே மரியநேசன் மகனோடு கதைப்பதை விட்டார்.

“கை வந்திட்டுதோ?” குசினியிலிருந்து மனைவி புனிதமலர் கேட்டாள்.

“ஓம். வடிவாத் துடைக்கிறான்.”

தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். தை மாதம் அனிஸ்ரன் இங்கிலாந்துக்குப் போகச் சின்னப் படகொன்றில் ஏறியதையும், அதன்பின் ஒரு தகவலும் இல்லாததையும் அவள் இவரிடம் சொல்லவில்லை. இப்போது துடைப்பது வேறு யாரோ.

“கை மெலிஞ்சிட்டுதோ?” கேட்கவேண்டுமே என்று கேட்டாள்.

“மெலியேல்லை.” மரியநேசன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “மாசியில இருந்து கையுறையில அஞ்சு விரலும் நிரம்பித்தான் இருக்கு. நீ தாங்கமாட்டாய் எண்டு சொல்லேல்லை.”

புனிதமலர் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஆறுது, குடியுங்கோ.”