பேரவையில் பாரியின் பெயர்

டிவியில், சட்டசபையில் வால்டர் எழுந்து நின்றதும் தங்கபுஷ்பம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். அந்தச் சத்தத்தில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதாம்.

எம்.எல்.ஏ. வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள். மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அப்படியே வந்தவர்கள். சோபா காலியாகக் கிடந்தது. எல்லோரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரி ரோசியும் அவர்களோடு தரையில். புருஷன் ஜெயித்து இத்தனை வருடமாகியும் அவளுக்கு அந்த சோபா பழகவில்லை.

டிவிக்கு மிக அருகில் மலிகா. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். காசிமேட்டில் பார்த்தவர்களிடமெல்லாம், "இன்னிக்கு எங்கூட்டுக்காரரு பேரு சட்டசபையில ஏறுது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"இன்னாடி ரோசி, சட்டை கஞ்சி போட்டு வெறப்பா நிக்குது, உள்ள உன் ஆளு நடுங்கிகினு கீறாரு?" என்றாள் தங்கபுஷ்பம்.

கூடம் சிரித்தது. ரோசி சிரிக்கவில்லை.

அந்த நடுக்கம் முன்பு வால்டருக்குக் கிடையாது. துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவன். தெருவுக்குப் பின்னால் இருந்த ரசாயனக் கம்பெனியில் வாயு கசிந்த மறுநாள், அந்த ஏலக் குரலிலேயே கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்று கத்தினான். மைக்கே தேவைப்படவில்லை. போலீஸ் அடித்துத் தோள் இறங்கியும் குரல் இறங்கவில்லை. செத்தவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டான்: "பாரிக்கு இன்னாடா பதிலு?"

பாரி, மலிகாவின் புருஷன். அவன் வாயுவால் சாகவில்லை, குடித்துச் செத்தான் என்று கம்பெனி சொன்னது. பாரி ஒரு நாளும் குடித்தவனில்லை.

அந்தக் குரலைப் பார்த்துத்தான் கட்சி வால்டருக்குச் சீட்டு கொடுத்தது. அந்தக் குரலுக்குத்தான் இந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். அதற்கப்புறம் அதை யாரும் கேட்கவில்லை. ரிப்பன் வெட்டினான். தெருவிளக்கைத் திறந்து வைத்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மாலையோடு போனான். பேரவையில் அவன் முறை வரும்போதெல்லாம் அதை வேறு யாராவது எடுத்துக்கொண்டார்கள்.

இது கடைசிக் கூட்டத்தொடர். மறுபடி சீட்டு கிடைக்குமா என்பதும் தெரியாது.

சபையில் ஒரு முறை பெயரைச் சொன்னால் அவைக் குறிப்பில் ஏறிவிடும், மந்திரி பதில் சொல்லியாக வேண்டும், பாரியின் சாவைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று வக்கீல் மலிகாவிடம் சொல்லியிருந்தார்.

வால்டர் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியதை ரோசி கேட்டிருந்தாள். முதலில் கட்சித் தலைவருக்கு நன்றி. பிறகு தலைவரைப் பற்றி ஒரு கவிதை. பிறகு மாவட்டச் செயலாளர். பிறகு வாக்காளப் பெருமக்கள். அதற்கப்புறம் பாரி.

எல்லா உறுப்பினர்களும் அப்படித்தான் பேசுவார்கள். நன்றி சொல்லாமல் குறையை எடுத்தால், கட்சிக்கு எதிராகப் பேசினான் என்றாகிவிடும்.

டிவியில் நன்றி ஓடிக்கொண்டிருந்தது. கவிதைக்கு மேசையைத் தட்டினார்கள். மாவட்டச் செயலாளருக்கும் தட்டினார்கள்.

"யோவ், ஏலத்துல இம்மாம் நேரம் இழுத்தீனா மீனு நாறிப்பூடும்யா," என்றாள் தங்கபுஷ்பம் டிவியைப் பார்த்து.

மலிகா திரும்பி உதட்டில் விரலை வைத்தாள்.

வாக்காளப் பெருமக்கள் வந்தார்கள். மாதாவே, மாதாவே என்று ரோசியின் உதடு மட்டும் அசைந்தது.

வால்டர் நிறுத்தினான். தண்ணீர் குடித்தான்.

மணி அடித்தது.

கூடமே உச்சுக்கொட்டியது. ஆனால் பேரவைத் தலைவர் சிரித்தார். "உறுப்பினர் இன்றுதான் முதன்முறையாகப் பேசுகிறார். இன்னும் இரண்டு நிமிடம் தருகிறேன். தொகுதிக்குக் கோரிக்கை இருந்தால் சொல்லுங்கள்."

மலிகா முட்டி போட்டு எழுந்து, டிவியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள்.

வால்டர் நிமிர்ந்தான். வாய் திறந்தது. அந்தப் பழைய குரல் தொண்டைவரை வந்து நிற்பது ரோசிக்குத் தெரிந்தது.

"தலைவர் ஆட்சியில் என் தொகுதியில் ஒரு குறையும் இல்லை," என்றான். உட்கார்ந்தான்.

மேசைகள் அதிர்ந்தன.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்ச் செருப்பைத் தேடினார்கள். தங்கபுஷ்பம் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

மலிகா மட்டும் போகவில்லை. ரோசியின் கண்கள் நிறைந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அயுவாதக்கா. அண்ணன் இன்னா பண்ணும்? கட்சிக்காரனுங்க பேச வுட்டிருக்க மாட்டானுங்க."

ரோசி தலையை மட்டும் ஆட்டினாள்.

கட்சியில் யாரும் வால்டரைத் தடுக்கவில்லை. காலையில் அவன் கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, பாரி பேரை மட்டும் சபையில சொல்லிடாதய்யா என்று கெஞ்சியவள் ரோசிதான். வரும் திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் மகன் சாவியோவுக்கு அந்த ரசாயனக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை. தெருவில் இன்னும் யாருக்கும் தெரியாது.