இறங்குங்க வளைவு

அவன் 'இறங்குங்க' என்று சொல்லவில்லை.

பக்கத்து இருக்கையில் அவள் காத்திருந்தாள். வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவன் சவரிமுத்து. மலைமேல் ஊருக்கு ஜீப் ஓட்டுகிறவன், அவளுடைய கணவன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வளைவை அவள் உட்கார்ந்தபடி கடந்ததே கிடையாது. யாருமே கடந்தது கிடையாது. இங்கே வந்ததும் வண்டி முக்கும், முனகும், கரும்புகை கக்கும். அவன் 'இறங்குங்க' என்பான். அரிசி மூட்டைகள் மட்டும் சொகுசாகப் போக, ஆட்கள் எல்லாரும் இறங்கிப் பின்னால் நடப்பார்கள். ஒருவர் கையில் கல் இருக்க வேண்டும். வண்டி சரிந்தால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க.

டிரைவர் பெண்டாட்டி என்கிற மரியாதையில் அந்தக் கல் எப்போதும் அவளுக்குத்தான்.

ஊரில் அந்த இடத்துக்கு 'இறங்குங்க வளைவு' என்றே பேராகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட வழி அப்படித்தான் அச்சாகிறது.

அந்த எரிச்சலில்தான் அவள் நிபந்தனை போட்டாள். எஞ்சினைப் பிரித்து வீட்டிலேயே வேலை பார்க்கட்டும். அதற்குப் பிறகும் தன்னை இறக்கி நடக்கவிட்டால், வண்டி காயலான் கடைக்குப் போகும்.

சரி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. அந்த வண்டி போனால் அவனுக்குக் கை ஒடிந்த மாதிரி.

மழைக்காலம் முழுக்க எஞ்சின் கூடத்தில் கிடந்தது. விருந்தாளிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். பட்டறையில் கடைந்து வந்த எஞ்சின் பிளாக்கின் துளைகளுக்குள் புது ஸ்லீவ்களை, அதாவது இரும்புக் குழாய்களை, இறக்க வேண்டியிருந்தது. குளிர்ந்தால் இரும்பு சுருங்கும் என்று, ஸ்லீவ்களை ஃப்ரீசரில் மத்தி மீனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வழுக்கிக்கொண்டு இறங்கின. வீடு பல நாள் மீன் வாடை அடித்தது.

வால்வுகள் இடுக்கில்லாமல் மூட அவற்றை அரைக்க வேண்டும்; அதற்கு வால்வில் ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். மோர் கடைகிற மாதிரிதான். அரைத்ததன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தார்கள். அவன் அரைத்தவை கசிந்தன. அவள் அரைத்தவற்றில் சொட்டுக்கூட இறங்கவில்லை. மிச்சம் எல்லாவற்றையும் பேசாமல் அவள் பக்கம் தள்ளிவிட்டான். கடைசியாக, அடிபட்டுக் கிடந்த வேறொரு வண்டியிலிருந்து, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊதித் தள்ளும் டர்போவை வாங்கிப் பொருத்தினான்.

நிபந்தனை போட்டவள் அவள்தான். அரைக்கும்போதெல்லாம் வண்டி ஏறிவிட வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடியவளும் அவள்தான்.

இன்றுதான் முதல் ஏற்றம்.

வளைவு வந்தது. அவன் கியர் மாற்ற, வண்டி ஒரு கணம் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. எஞ்சின் முனகவில்லை. டர்போவின் விசில் மெல்லக் கிளம்பியது.

அவன் வாயைத் திறக்கவில்லை.



அடுத்து நடந்தது எப்படி நடந்தது என்று அவளுக்கே தெரியாது.

அவள் சாலையில் நின்றுகொண்டிருந்தாள்.

கையில் கல்.

பாழாய்ப்போன கால். யாரும் சொல்லாமலே இறங்கிவிட்டது.

ஜீப் தன் பாட்டுக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. புகை இல்லை. திணறல் இல்லை. அந்த வண்டியின் பின்பக்கத்தை அவளைப் போலப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. அது இப்படித் துள்ளிக்கொண்டு போய் அவளும் பார்த்ததில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலி இருக்கையிடம் அவன் ஏதோ உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடுச்சாலையில் உட்கார்ந்து சிரித்தாள். கல்லைப் பள்ளத்தில் வீசிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

மேலே பேச்சு நின்றது. பிறகு வண்டி நின்றது.

வண்டியைத் திருப்பாமல் ரிவர்ஸிலேயே இறக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவள் விழுந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறான். சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. வந்த உடனே, ஏறியாயிற்று, நிபந்தனை தீர்ந்தது என்று சாதிக்க ஆரம்பித்தான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னை விட்டுவிட்டு ஏறியது கணக்கில் சேராது.

அவ்வளவுதானே, கீழே போய் வேகமெடுத்து வந்து ஏற்றிக் காட்டுகிறேன் என்றான்.

"நகருங்க," என்றாள் அவள். "இங்கருந்தே நான் ஏத்துறேன்."

வளைவிலேயே அதிகச் செங்குத்தான இடம் அது. அவள் இதுவரை ஓட்டியது காப்பி காயப்போடும் களத்தில் மட்டும்தான். முட்டுக் கொடுக்க வெளியே ஆளும் இருக்கப்போவதில்லை.

அவன் அவளையே பார்த்தான். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்தான். இறங்கிச் சுற்றி வரவில்லை. கியர் குச்சியைத் தாண்டி, உட்கார்ந்தபடியே இடது பக்கம் நகர்ந்தான்.

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். கிளட்சை மிதித்துக் கியர் போட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

முன்கண்ணாடியில் சாலையே இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெறும் வானம்.

இத்தனை வருஷமும் இந்த வளைவில் அவள் கண்டதெல்லாம் ஒரு பம்பரும் புகையும்தான். இவன் மட்டும் தினமும் இதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான்.

"ரோடே தெரியலைங்க."

"தெரியாது," என்றான். குரலில் அப்படியொரு சந்தோஷம். "நீ ஏத்து."

அவள் ஹேண்ட் பிரேக்கை விட்டாள்.