ஆறாவது நகம்

நாலு வயது தாரணியின் இடது காலில் சுண்டுவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு விரல் இருந்தது. செருப்புப் போடும்போதெல்லாம் அவள் அழுவதைப் பார்க்க மாட்டாமல், அம்மா வசுமதிதான் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிடச் சொன்னாள். புண் ஆறி, தழும்பும் மங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டிவிட்டு, அந்த இடது காலை மடியில் வைத்து நகம் வெட்டினாள். ஐந்து விரலும் முடிந்த பிறகும் குழந்தை காலை எடுக்கவில்லை.

“இன்னொன்னு இருக்கும்மா. வளந்து குத்துது.”

“அதைத்தான் டாக்டர் எடுத்துட்டாரே, கண்ணு.”

தாரணி உதட்டைப் பிதுக்கினாள். அவளைச் சமாதானப்படுத்த, தழும்புக்கு அப்பால் வெறும் காற்றில் நகவெட்டியை வைத்து அழுத்தினாள் வசுமதி. அது பாதியில் நின்றது. எவ்வளவு அழுத்தியும் அதன் வாய் மூடவில்லை.

“மெதுவாம்மா, சதையில பட்டுடப் போகுது.”

வசுமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகவெட்டியைக் கொஞ்சம் வெளியே நகர்த்தினாள்.