நீலச் சட்டை

திங்கட்கிழமை நேர்காணல். புதுச்சேரியில் அமலோற்பவத்தையும் பிரான்சின் லியோனில் அவள் கணவன் தெனிசையும் தனித்தனியே விசாரிப்பார்கள். இருவர் பதிலும் ஒத்துப்போனால்தான் அவளுக்கு விசா.

அதற்காகவே மூன்று மாதமாகப் பிரெஞ்சு படித்தாள். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ‘அவரை’ என்ற சொல் எங்கே உட்காரும் என்பது மட்டும் பிடிபடவில்லை. “நம்ம தமிழ் மாதிரிதாம்மா. அவரை முன்னாடி வை, பார்த்தது பின்னாடி தானா வரும்” என்று சிரித்த ஆசிரியை மதாம் செசில், ஒரு பயிற்சி எழுதிக் கொடுத்தார். கடற்கரைச் சாலையில் அவரைப் பார்த்தேன். நீலச் சட்டை போட்டிருந்தார். ஒரு பூவைத் தந்தார், அதை வாங்கிக்கொண்டேன். சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அமலோற்பவம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மாலை தெனிஸ் போனில் ஒத்திகை பார்த்தான். “என்னை முதல்ல எங்க பார்த்த?”

கடற்கரைச் சாலையில் தொடங்கிப் பூ வரை அவள் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொல்லி முடித்தாள்.

“அடியே, நான் கல்யாணத்துக்கு முந்தின நாள்தானே வந்து எறங்குனேன்? பொண்ணு பாக்க அம்மாதான வந்தாங்க?”

“ஆமால்ல” என்றாள். உண்மைதான். மாதா கோயில் வாசலில்தான் அவனை முதலில் பார்த்தாள். ஆனால் அந்த வாசலை நினைக்கப் போனால் கடல்தான் வந்து நின்றது.

“நீலச் சட்டையே எங்கிட்ட கெடையாதுடி. நாளைக்கு உளறி வெச்சிடாத.”

“இல்லீங்க.”

போனை வைத்துவிட்டு, பயிற்சி நோட்டை எடுத்து இரண்டு முறை படித்தாள். அவள் நினைவில் இருந்த அந்தச் சட்டையில் மூன்றாவது பொத்தான் அறுந்திருந்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.