காத்துக்கு ஓடுன மீட்டர்

தெருக்கடைசி வீட்டுக் குழாய்ல தண்ணி வந்து ஒரு மாசமாச்சு. தொறந்தா வெறும் காத்துதான். அந்தக் காத்துலயே தண்ணி மீட்டர் கிறுகிறுன்னு சுத்தும்.

கீழ காஞ்சு கெடந்த குடம் கத்துச்சு: "டேய் மீட்டரு, ஒரு சொட்டு விழல. எதுக்குடா இந்த ஓட்டம்?"

"உள்ள என்ன வருதுன்னு பாக்கறது என் வேலையில்ல. தள்ளுனா சுத்துவேன்."

"நீ சுத்துறதுக்கெல்லாம் இந்த வீட்டம்மாதானடா அழணும்! பில்லு கட்டலன்னா கனெக்‌ஷனப் புடுங்கிருவானுங்க."

"மேல போய்க் கேளு."

"நீயாச்சும் சொல்லேன்"னு குடம் குழாயப் பாத்துச்சு. குழாய் வாயத் தொறந்துச்சு. காத்துதான் வந்துச்சு.

மறுமாசம், பில்லு கட்டலன்னு ரெண்டு பேர் வந்து குழாயப் புடுங்கி அடைச்சுட்டாங்க. ஒருத்தன் மீட்டரக் கழட்டித் தொடச்சான்.

"நல்லா ஓடுது சார். அடுத்த தெருவுல மாட்டிரலாம்."