பிக்கெட்டின் முகம்

"தம்பி, அது சாக்ஸபோன். மளிகைப் பை இல்ல," என்றார் ஆமோஸ் குவார்ல்ஸ், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

பிக்கெட் வாத்தியத்தை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

சிகாகோவின் நாற்பத்தேழாம் தெருவில் கல்யாணப் படமும் ஞானஸ்நானப் படமும் எடுத்தே ஆமோஸுக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போதுதான் முதல் தடவையாக ஓர் இசைத்தட்டுக்கு அட்டைப்படம் கேட்டிருந்தார்கள். தட்டில் வாசித்த பிக்கெட்டை அனுப்புகிறோம், சாயங்காலத்துக்குள் படம் வேண்டும் என்று சொல்லிக் கம்பெனிக்காரர் போனை வைத்துவிட்டார். இது நன்றாக வந்தால் அடுத்தடுத்த அட்டைகளும் இவர் கைக்கு வரும்.

கம்பெனி கொடுத்த மாதிரித் தட்டைக் காலையிலிருந்து போட்டுக் கேட்டிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு வாசிப்பு. இப்படி வாசிக்கிற ஆளுக்கு இப்படி ஒரு மரமூஞ்சியா என்று அலுத்துக்கொண்டார்.

கணவனும் மனைவியுமாக உள்ளே வந்ததுமே, பெட்டியும் கையுமாக நின்றவனை இழுத்து விளக்குகளுக்கு நடுவே உட்கார வைத்திருந்தார். அவன் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம், தாடை ஆடுகிறது என்று அடக்கினார்.

தொல்லை போதாதென்று அந்த மனைவி வேறு. ஜிகினா வைத்த நீல கவுனில், திருவிழாவுக்குக் கிளம்பியவள் மாதிரி சுவரோரம் நின்றாள். வாயில் ஏதோ குச்சியைச் சப்பிக்கொண்டே, "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்றாள்.

"முகத்துல களை வர்ற வரைக்கும், அம்மணி. முதல்ல அந்தக் குச்சியைத் துப்பிட்டு உக்காருங்க."

அவள் துப்பவில்லை. வாயின் மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டாள்.

ஆமோஸ் விளக்கைத் தாழ்த்தினார். அவன் தொப்பியைச் சாய்த்தார். சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். பிக்கெட் இருமினான், இன்னொரு பிலிமும் வீணாய்ப் போனது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்தது இப்படிப் பாழாகிறதே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"படத்தை விடுங்க, தம்பி. கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பாட்டையே கொஞ்சம் வாசிங்க. வாசிச்சா முகம் தானா வரும்."

பிக்கெட் திருதிருவென விழித்தான். சாக்ஸபோனின் வாயில், ஊதினால் அதிர்ந்து சத்தம் தருகிற நாணல் சீவாளியே இல்லை என்பதை ஆமோஸ் அப்போதுதான் பார்த்தார். சீவாளி எங்கே என்று கத்தினார்.

பிக்கெட் தன் மனைவியின் வாயைக் காட்டினான்.

"காய்ஞ்சா சத்தம் வராதுன்னு ஊற வச்சிருக்கா. நீங்க வெளிச்சம் சரிபாக்கத்தான் என்னை உக்கார வச்சீங்கன்னு நெனச்சேன்." எழுந்து முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். "பெட்டி தூக்குற பிக்கெட்டுதாங்க நான். வாசிக்கிற பிக்கெட்டு அவ."